‘துக்கி’ மயிலா, குரங்கா? எபிரேய வசனம் ஒன்றின் வேரைத் தேட ஒரு வழிகாட்டி

“சாலொமோன் ராஜாவுக்கு மயில் அனுப்பியவன் தமிழன். பைபிளிலேயே தமிழ்ச் சொல் இருக்கிறது!” வருஷத்துக்கு இரண்டு தடவையாவது இந்தச் செய்தி என் ஃபோனுக்கு வந்துவிடும். அனுப்புகிறவர்களில் போதகரும் உண்டு, வேதாகமத்தைத் திறந்தே பார்க்காத தமிழாசிரியரும் உண்டு. முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது, அப்படியே விழுங்கவும் முடியாது.

எபிரேயம் தெரியாத ஒருவர் இந்த மாதிரிச் செய்தியைத் தானே சோதித்துப் பார்க்க முடியுமா? முடியும். இரண்டு சாயங்காலம் போதும். ஒரு தமிழ் வேதாகமம், ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டு, இணையம், ஒரு நோட்டு. எபிரேய மூலத்துக்கு ஸெஃபாரியா தளம் இருக்கிறது. ஒவ்வொரு எபிரேயச் சொல்லுக்கும் நேரே ஆங்கிலப் பொருள் போட்டிருக்கும் பக்கம் வேண்டுமென்றால் பைபிள்ஹப் போகலாம். இரண்டும் இலவசம்.

வசனத்தைப் பல பதிப்புகளில் பக்கம் பக்கமாக வையுங்கள்

நமக்கு வேண்டியது 1 இராஜாக்கள் 10:22. கத்தோலிக்கப் பதிப்பில் இதே நூல் 1 அரசர். விஷயம் சின்னதுதான்: ராஜாவுக்குக் கடலில் தர்ஷீஸ் கப்பல்கள் இருந்தன, தீரு ராஜா ஈராமின் கப்பல்களோடு சேர்ந்து போய்வந்தன, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பொன், வெள்ளி, யானைத்தந்தம், குரங்கு, மயில் கொண்டுவந்தன.

1611-இன் கிங் ஜேம்ஸ் பதிப்பிலும் மயில்தான். நியூ இன்டர்நேஷனல் வெர்ஷனைத் திறந்தால் மயிலைக் காணோம். அந்த இடத்தில் ‘பபூன்’ குரங்கு உட்கார்ந்திருக்கிறது. பறவை எப்படிக் குரங்கானது? மொழிபெயர்ப்புகள் இவ்வளவு தூரம் விலகினால், மூலத்தில் இருக்கும் சொல்லுக்குப் பொருள் உறுதியாகத் தெரியாது என்று அர்த்தம். நோட்டில் முதல் வரியாக இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இடையில் ஓர் எச்சரிக்கை. எபிரேய மூலத்தின் வசன எண்ணும் நம் எண்ணும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. நம் 1 இராஜாக்கள் 22:48, எபிரேயத்தில் 22:49. ஆரம்பத்தில் இது தெரியாமல் தப்பான வசனத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு மணி நேரம் முழித்திருக்கிறேன்.

எழுத்துக்குள் இறங்குங்கள்

வசனத்தின் கடைசிச் சொற்கள் எபிரேயத்தில் இப்படி ஒலிக்கும்: “…ஸாஹாவ் வாஹெஸெஃப், ஷென்ஹப்பீம் வெகொஃபீம் வெதுக்கிய்யீம்.” ஸாஹாவ் பொன், கெஸெஃப் வெள்ளி. ‘வெ’ அல்லது ‘வா’ என்று முன்னால் ஒட்டுவது நம் ‘உம்’. கடைசியில் வரும் ‘ஈம்’ நம் ‘கள்’. இரண்டையும் கழற்றிவிட்டால் மீதி நிற்பது ‘துக்கி’. நம் கதாநாயகன் இவன்தான். மயிலின் ‘தோகை’ என்ற தமிழ்ச் சொல்தான் இது என்பது அந்த ஃபோன் செய்தியின் வாதம்.

எபிரேய எழுத்து 22. வலமிருந்து இடம் போகும். அடிப்படையில் மெய்யெழுத்துகள் மட்டும். பழைய ஏட்டில் இந்தச் சொல் தாவ், காஃப், யோத், யோத், மேம் என்ற ஐந்து எழுத்துகள்தான். அதாவது த-க-ய-ய-ம. ‘து’வில் இருக்கும் உகரம், ‘க்’ இரட்டிப்பு இரண்டையும் புள்ளி வைத்துக் காட்டியவர்கள் மசோரெத்துகள் என்ற யூத அறிஞர்கள். அவர்கள் வேலை பார்த்தது கி.பி. 7ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டு வரை. சாலொமோனின் காலம் கி.மு. 10ஆம் நூற்றாண்டு. வாய்வழியாக வந்த உச்சரிப்பைத்தான் அவர்கள் பதிந்தார்கள், கவனமாகவும் பதிந்தார்கள். ஆனாலும் ஒரு உகரத்தின் மேல் கோட்டை கட்டுகிறவர் இந்த இடைவெளியை மறக்கக்கூடாது.

பைபிள்ஹப்பில் சொல்லின் மேல் ஓர் எண் இருக்கும்: 8500. ஸ்ட்ராங் என்பவரின் 1890ஆம் ஆண்டுச் சொல்லடைவு எண் அது. சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பார்க்க அருமையான கருவி. பொருளுக்கு மட்டும் அதையே கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘துக்கி’ எத்தனை இடத்தில் வருகிறது பாருங்கள்: இங்கே ஒன்று, 2 நாளாகமம் 9:21-இல் ஒன்று. அவ்வளவுதான். அந்த இரண்டாவதும் முதலாவதைப் பார்த்து எழுதியது.

இணை வசனத்தை விடாதீர்கள்

பார்த்து எழுதியதுதானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். நாளாகமத்தில் சொல்லுக்குள் கூடுதலாக ஓர் எழுத்து இருக்கிறது: தாவுக்குப் பிறகு ஒரு வாவ். வாவ் என்றால் அங்கே உகரமோ ஒகரமோ இருக்கிறது என்று பொருள். ‘துக்கி’ என்றும் படிக்கலாம், ‘தோக்கி’ என்றும் படிக்கலாம். மசோரெத்துகளுக்குப் பல நூற்றாண்டு முன்பே அந்த இடத்தில் உதடு குவித்துத்தான் உச்சரித்தார்கள் என்பதற்கு இந்த ஒற்றை எழுத்து சாட்சி. ‘தோகை’க்காரர்கள் நியாயமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டிய சான்று இதுதான். சுற்றி வரும் செய்திகளில் ஒன்றில்கூட இதைக் கண்டதில்லை.

கப்பல் விஷயத்தையும் இதே இடத்தில் முடித்துக்கொள்ளலாம். இராஜாக்கள் நூல் “தர்ஷீஸ் கப்பல்கள்” என்கிறது. நாளாகமம் “தர்ஷீசுக்குப் போகும் கப்பல்கள்” என்கிறது. காஞ்சிபுரம் பட்டு என்றால் காஞ்சிபுரத்துக்குப் போகிற பட்டா? தர்ஷீஸ் கப்பல் என்பது நெடுந்தூரம் போகும் பெரிய கப்பல் வகை ஒன்றின் பெயர். 1 இராஜாக்கள் 22:48-இல் யூதா ராஜா யோசபாத் தர்ஷீஸ் கப்பல்களைச் செய்வது, பொன்னுக்குப் பேர்போன ஓப்பீருக்குப் போக. அவை எசியோன்கேபேரிலேயே உடைந்து போகின்றன. எசியோன்கேபேர் செங்கடல் பக்கம், அக்காபா வளைகுடாவின் தலையில் இருந்த துறை. யோனா தர்ஷீசுக்குக் கப்பல் ஏறியதோ மத்தியதரைக் கடலின் யோப்பாவில். இரண்டு துறையும் இரண்டு வெவ்வேறு கடலில் இருக்கின்றன. நாளாகமத்தை எழுதியவர் காலத்தில் அந்தப் பெயரின் பழைய பொருள் மங்கிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 10:22-இல் ஓப்பீர் என்ற பேச்சே இல்லை. ஓப்பீரிலிருந்து பொன் வருவது 9:28-இல். பொன்னோடு ‘அல்முக்’ மரமும் ரத்தினமும் வருவது 10:11-இல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்த மரத்தை ‘வாசமரம்’ என்று சொல்லும். மயில் வந்த கப்பல் எங்கே போய்த் திரும்பியது என்று வசனம் வாயே திறக்கவில்லை. “ஓப்பீரிலிருந்து மயில்” என்று எழுதுகிறவர்கள் மூன்று வசனத்தைக் கலந்து ஒரு சாம்பார் வைத்திருக்கிறார்கள்.

பழைய மொழிபெயர்ப்பாளர்கள் என்ன புரிந்துகொண்டார்கள்?

எபிரேய வேதத்தின் மிகப் பழைய மொழிபெயர்ப்பு கிரேக்கத்தில் இருக்கிறது. எழுபதின்மர் பெயர்ப்பு என்பார்கள். எகிப்தின் அலெக்ஸாந்திரியாவில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை. அதில் இராஜாக்கள் வசனத்தைத் திறந்தால் தந்தமும் இல்லை, குரங்கும் இல்லை, மயிலும் இல்லை. செதுக்கிய கல், வெட்டிய கல் என்று இருக்கிறது! நாளாகமத்தில் யானைப்பல்லும் குரங்கும் உண்டு. துக்கி மட்டும் காணாமல் போயிருக்கிறது. அவர்கள் கையில் இருந்த ஏடு வேறாக இருந்திருக்கலாம், அல்லது சொல் புரியாமல் விட்டிருக்கலாம்.

‘மயில்’ என்று தெளிவாகச் சொல்வது தர்கூம் என்ற அரமேய மொழிப் பெயர்ப்பும், கி.பி. 400ஐ ஒட்டி ஜெரோம் செய்த இலத்தீன் பெயர்ப்பும். அதாவது மயில் என்ற பொருளுக்கு நம் கையில் இருக்கும் சாட்சி, நூல் எழுதப்பட்டுப் பல நூற்றாண்டு கழித்து வருகிறது. பழைய மரபு, மதிக்க வேண்டிய மரபு. ஆனால் நேரில் கண்ட சாட்சி இல்லை.

இன்றைய எபிரேயம் தெரிந்த நண்பரிடம் கேட்டால் “துக்கி என்றால் கிளி” என்று சட்டென்று சொல்லிவிடுவார். நவீன எபிரேயம் பழைய சொல்லை எடுத்துக் கிளிக்குச் சூட்டியிருக்கிறது. மயிலுக்கு அவர்கள் சொல்வது ‘தவாஸ்’. கூகுள் மொழிபெயர்ப்பும் இந்தக் குழியில்தான் உங்களைத் தள்ளும்.

தமிழ்ப் பக்கத்தைப் பாருங்கள்

திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இந்த ‘துக்கி’யைத் தமிழ்த் ‘தோகை’யோடு சேர்த்தார். எழுத்தில் பதிவான மிகப் பழைய திராவிடச் சொல் இதுவாக இருக்கக்கூடும் என்பது அவர் எண்ணம். நம் ஃபோனுக்கு வரும் செய்தியின் ஊற்று அங்கே இருக்கிறது. பின்னாளில் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் சாயிம் ரபின் இதே கேள்வியை எடுத்து, தமிழகத்தோடு நடந்த வணிகத்துக்கு எபிரேயச் சொற்களில் தடயம் தேடினார்.

பொருள் பொருந்துகிறதா? தோகை என்றால் வால் இறகுதானே, பறவை எப்படி ஆகும் என்று கேட்கலாம். ஆகும். அகநானூறு 15-இல் மாமூலனார் “தோகைக் காவின் துளுநாடு” என்கிறார். மயில்கள் திரியும் சோலைகளை உடைய துளுநாடு. அதிலும் துளுநாடு மேற்குக் கடற்கரை, அரபிக்கடலைப் பார்த்த பக்கம். எனக்குப் பிடித்த தற்செயல் அது. (கப்பலில் வந்தது பறவையே இல்லை, கட்டுக் கட்டாக மயிற்பீலிதான் என்றும் ஓர் எண்ணம் எனக்கு உண்டு. மாதக்கணக்கில் மயிலுக்கு இரைபோட்டுக் கடலில் கொண்டுவருவதைவிடப் பீலி கொண்டுவருவது எவ்வளவோ லேசு. இது என் ஊகம், சான்று இல்லை.)

ஒலி பொருந்துகிறதா? முக்கால்வாசி. முதலில் தகரம் சரி. ஓகாரம் உகரமானது, நாளாகமத்து வாவ் துணையால் தாங்கும். நடுவில்தான் இடறுகிறது. தோகையில் ஒற்றைக் ககரம். இன்று அதை மெலித்து உச்சரிக்கிறோம். எபிரேயப் புள்ளியோ இரட்டைக் ககரம் காட்டுகிறது. கடைசி ஐகாரம் இகரமாகத் தேய்வது சாதாரணம்.

காலம்? இங்கே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அகநானூறு போன்ற சங்கப் பாட்டுகளுக்கும் சாலொமோனுக்கும் இடையில் ஏழெட்டு நூற்றாண்டாவது இருக்கிறது. கி.மு. 10ஆம் நூற்றாண்டில் ‘தோகை’ என்ற சொல் இந்த வடிவத்தில் இருந்ததா என்று காட்டத் தமிழில் எழுத்துச் சான்று கிடையாது. இன்னொரு பக்கம், இராஜாக்கள் நூல் முடிவது யோயாக்கீன் ராஜா பாபிலோன் சிறையிலிருந்து விடுதலையான செய்தியோடு. அது ஏறத்தாழ கி.மு. 561. ஆகவே நூல் இன்றைய வடிவத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். சொல் சாலொமோன் காலத்துச் சரக்குக் கணக்கிலிருந்து வந்ததா, எழுதியவரின் காலத்துச் சொல்லா என்று பிரிக்க வழியில்லை. பின்னதாக இருந்தால் இடைவெளி பாதியாகக் குறைகிறது.

பக்கத்து வீட்டுச் சொற்களை விசாரியுங்கள்

செய்தி அனுப்புகிறவர்கள் செய்யாத வேலை இது. நான் இதில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். ஒரு சொல்லைத் தனியாகப் பிடித்து இழுத்தால் எந்த மொழிப் பக்கமும் வரும். பக்கத்தில் நிற்கும் சொற்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேளுங்கள்.

‘ஷென்ஹப்பீம்’: ஷென் என்றால் பல், அது எபிரேயமே. ‘ஹப்பீம்’ என்ன? யானையைக் குறிக்கும் பழைய எகிப்தியச் சொல்லோடு சிலர் சேர்க்கிறார்கள். வடமொழி ‘இப’வோடு சிலர், தமிழ் நிகண்டுகளில் யானைக்கு ‘இபம்’ என்று வருவது இந்தச் சொல்தான். இன்னும் சிலர் ஏட்டைப் படியெடுத்தவரின் கைப்பிழை என்று சொல்லி, எசேக்கியேல் 27:15-இல் இருப்பதுபோல “தந்தமும் கருங்காலியும்” என்று திருத்திப் படிக்கிறார்கள்.

‘கொஃப்’ குரங்கு. இதில் எல்லாருக்கும் உடன்பாடு. வடமொழியில் ‘கபி’, அக்காதியத்தில் ‘உகூபு’, எகிப்தியத்தில் க-ஃப என்ற மெய்கள். துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிய சொல். இந்தியாவுக்கு மட்டும் உரிமை கொண்டாட முடியாது.

இப்போது எகிப்துக்குப் போங்கள். ஏறத்தாழ 4,000 வருஷத்துக்கு முந்திய எகிப்தியக் கதை ஒன்றில், கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய மாலுமிக்கு அங்கிருந்த பெரிய பாம்பு பரிசுகள் கொடுத்தனுப்புகிறது. பட்டியலில் யானைத்தந்தம், வேட்டைநாய், ‘க-ஃப’ குரங்கு, ‘க-ய’ குரங்கு. ஹட்ஷெப்சுத் ராணி கி.மு. 15ஆம் நூற்றாண்டில் செங்கடல் வழியாகப் புந்து நாட்டுக்கு அனுப்பிய கப்பல்களின் சரக்கு, தேர் எல் பஹ்ரி கோயில் சுவரில் செதுக்கியிருக்கிறது: பொன், தந்தம், கருங்காலி, குரங்குகள். இதையும் சாலொமோன் பட்டியலையும் நோட்டில் எதிரெதிராக எழுதிப் பாருங்கள். வயிற்றில் லேசாகப் புளி கரைக்கும்.

ஆல்பிரைட் என்ற அமெரிக்க அறிஞர் இந்த ‘க-ய’வை வைத்துத்தான் துக்கியைக் குரங்கு என்றார். முன்னால் இருக்கும் தகரம் எகிப்திய மொழியின் பெண்பால் சுட்டு. ‘த-கய’ என்றால் பெண்குரங்கு. நியூ இன்டர்நேஷனல் வெர்ஷனின் பபூனுக்குப் பின்னணி இந்த மாதிரி வாதந்தான். இதிலும் ஓட்டை உண்டு: கொஃப் சுட்டு இல்லாமல் வந்திருக்கும்போது துக்கி மட்டும் ஏன் சுட்டைச் சுமந்துகொண்டு வர வேண்டும்?

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மனசு மயிலைக் கேட்கிறது. பட்டியலின் சாயல் எகிப்துப் பக்கம் இழுக்கிறது. நாளாகமத்து வாவும் பழைய மரபும் மயிலைக் கைவிடாமல் வைத்திருக்கின்றன. யாராவது மேடையில் “நிரூபிக்கப்பட்டது” என்றால் கை தட்டமாட்டேன்; “வாய்ப்பு இருக்கிறது” என்றால் தட்டுவேன்.

மண்ணில் கிடைத்ததைச் சேர்க்கும்போது

டெல் அவீவ் நகருக்குள்ளே இருக்கும் தெல் கசீலே மேட்டில் 1946-இல் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் எழுதியிருந்தது: ஓப்பீர்ப் பொன், பெத்தொரோனுக்கு, 30 சேக்கல். கி.மு. 8ஆம் நூற்றாண்டு எழுத்து என்று கணிக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கணக்குச் சீட்டு. ஓப்பீர் என்பது வெறும் கற்பனைப் பெயரில்லை, கடைக்காரன் சரக்குக்கு வைத்த பெயர் என்று காட்டுகிறது. ஓப்பீர் எங்கே என்று மட்டும் அது சொல்லவில்லை. ஆதியாகமம் 10-ஆம் அதிகாரம் ஓப்பீரைச் சேபாவோடும் ஆவிலாவோடும் வைப்பதால் அரேபியா என்பார் உண்டு. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் அதை இந்தியாவில் வைக்கிறார். கிரேக்கப் பெயர்ப்பில் ‘சோஃபிர்’ என்று வருவதால் மும்பைக்கு வடக்கே உள்ள சோப்பாராவைக் காட்டுகிறவர்களும் உண்டு.

தென்னிந்தியக் கடல்வழிச் சரக்கு அவ்வளவு பழசா என்றால், பழசுதான். கி.மு. 1213-இல் இறந்த இரண்டாம் ராம்சேஸின் மம்மியில், மூக்குத் துளைக்குள் மிளகு இருந்தது. இஸ்ரேலில் கிடைத்த, கி.மு. 11-10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சின்னச் சின்னப் பினீசியக் குப்பிகளில் இலவங்கப்பட்டையின் வேதித்தடம் கண்டிருக்கிறார்கள். சாலொமோன் காலத்துக்கு மிக நெருக்கம். ஆனால் கவனமாக இருங்கள். மிளகு எகிப்துக்குப் போனது என்பதும், ‘தோகை’ எபிரேயத்துக்குப் போனது என்பதும் இரண்டு தனி வழக்குகள். ஒன்றின் சாட்சியை இன்னொன்றின் கூண்டில் ஏற்றக்கூடாது. சரக்கு கை மாறி கை மாறிப் போகும். சொல் வழியிலேயே மாறிவிடும். விற்றவன் பேசிய மொழி வாங்கியவனுக்குத் தெரிந்திருக்கவே வேண்டியதில்லை.

எழுதும்போது

நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: ஏட்டில் இருப்பது, அறிஞர் ஊகம், என் சாய்வு. ‘த-க-ய-ய-ம என்று எழுதியிருக்கிறது’ முதல் கட்டம். ‘தோகையிலிருந்து வந்தது’ இரண்டாவது. ‘பீலிதான் வந்திருக்கும்’ மூன்றாவது. ஒரு கட்டத்துச் சரக்கு அடுத்த கட்டத்துக்குள் வழுக்கிப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். குடும்பக் குழுவில் சித்தப்பா இதை அனுப்பினால் சண்டைக்குப் போகாதீர்கள். “நாளாகமத்துல ஒரு வாவ் கூடுதலா இருக்கு, பாத்தீங்களா சித்தப்பா?” என்று கேளுங்கள். அவரே அடுத்த கேள்வி கேட்பார்.

பழக இன்னொரு சொல் வேண்டுமா? எஸ்தர் 1:6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெர்சிய ராஜாவின் விருந்து மண்டபத்தில் தொங்கிய திரைகளுக்குள் ‘கர்பாஸ்’ என்று ஒரு துணி ஒளிந்திருக்கிறது. இது வடமொழிக் ‘கார்ப்பாச’, அதாவது பருத்தி. பெர்சியம் வழியாக எபிரேயத்துக்குப் போனது. துக்கியைப்போல இழுபறி இல்லாத வழக்கு. ஏன் இதில் இழுபறி இல்லை என்று அதே படிகளில் ஏறிப் பார்த்தால், துக்கிக்கு எது குறைகிறது என்பதும் பிடிபடும். தொடங்கும்முன் அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் ‘ஹோத்து’ என்ற சொல்லைத் தேடுங்கள். தமிழில் ‘இந்து தேசம்’ என்று இருக்கும்.